பிரேக் பெடல் கட்டையாக இருக்கிறதா? பூஸ்டரையும் வேக்குவத்தையும் புரிந்துகொள்வோம்

பிரேக் பெடலைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று வகை. மிதித்தால் மெத்தென்று உள்ளே போகிறது. மிதித்து வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. இல்லையென்றால், மிதிக்கவே முடியாமல் கட்டையாக நிற்கிறது. மூன்றையும் "பிரேக் சரியில்லை" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் மெக்கானிக்கிடம் போகும்போது எது என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. மெத்தென்று போனால் பிரேக் லைனுக்குள் காற்று இருக்கலாம். இறங்கிக்கொண்டே போனால் மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்காவது பிரேக் ஆயில் ஒழுகலாம். கட்டையாக நின்றால் முதல் சந்தேகம், நம் மிதிக்கு விசை கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் மீதும் அதற்கு வரும் வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) மீதும் விழ வேண்டும்.

இங்கே பார்க்கப்போவது அந்தக் கடைசி வகையை மட்டும். "பெடல் ஹார்டாக இருக்கிறதா, பூஸ்டரை மாற்று" என்று நேரே முடிவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த வரிசையில் விலை கூடிய பாகம் பூஸ்டர்தான். ஆனால் தவறு அதில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு சின்ன ஒருவழி வால்வோ வெடித்துப்போன ரப்பர் ஹோஸோ இதே அறிகுறியைக் காட்டும்.

தள்ளுவது வெளிக்காற்று

பானட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கத்தில் என்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய கறுப்பு டப்பா வட்டமாக இருக்கும். அதுதான் வேக்குவம் பூஸ்டர். அதன் முன்னால் மாஸ்டர் சிலிண்டரும், அதன் தலையில் பிரேக் ஆயில் டப்பாவும் உட்கார்ந்திருக்கும். பெடலிலிருந்து வரும் கம்பி பின்பக்கமாகப் பூஸ்டருக்குள் நுழையும். முன்பக்கமாக இன்னொரு கம்பி வெளியே வந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும்.

பூஸ்டருக்குள் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. நடுவில் ஒரு ரப்பர் டயஃப்ரம், அதாவது வளையும் சவ்வு, டப்பாவை முன் அறை, பின் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. காலை எடுத்திருக்கும்போது இரண்டு அறையிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நிலை என்பதால் டயஃப்ரம் அசையாது. பெடலை மிதித்த உடனே, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு வால்வு இரண்டு காரியம் செய்கிறது. முதலில் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள வழியை அடைக்கிறது. அப்புறம் பின் அறைக்குள் வெளிக்காற்றை விடுகிறது. முன் அறையில் காற்று குறைவு, பின் அறையில் முழுக் காற்று. அந்த வித்தியாசம் டயஃப்ரத்தை முன்னே தள்ளுகிறது. அது கம்பியையும் சேர்த்துத் தள்ளுகிறது.

ஆக, வேக்குவம் எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. வேக்குவம் எதிர்ப்பக்கத்தைக் காலியாக வைத்து இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலின் வாயில் உதட்டை வைத்துக் காற்றை உறிஞ்சினால் பாட்டில் நசுங்குமே, அதை நசுக்குவதும் இதே வெளிக்காற்றுதான்.

காற்றுக்கு அவ்வளவு பலமா என்று தோன்றலாம். 1650களில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒன்று சேர்த்து உள்ளே இருந்த காற்றை பம்பு வைத்து எடுத்தார். இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுத்தும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயஃப்ரத்தின் பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர். முன் அறையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு காற்று எடுக்கப்பட்டிருந்தால், கணக்குப்படி 320 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கும். ஓட்டுநர் 10 கிலோ விசையில் மிதித்து, பெடலின் நெம்புகோல் அதை 4 மடங்காக்கினாலும் 40 கிலோதான் வரும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

இந்த உதவி இல்லாமல் போனால் பெடல் நமக்குக் கட்டையாகத் தெரிகிறது. பெடலில் புதிதாக எதுவும் சிக்கிக்கொள்ளவில்லை. உண்மையில் அது எப்போதுமே அவ்வளவு கனம்தான், இத்தனை நாள் நமக்குத் தெரியவில்லை. பூஸ்டர் செத்துவிட்டாலும் நடுவில் இருக்கும் கம்பி நேராக மாஸ்டர் சிலிண்டரைத் தொடும். எனவே பிரேக் அடியோடு போய்விடாது. ஆனால் அதே தூரத்தில் வண்டியை நிறுத்தப் பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டும். எல்லோருடைய காலுக்கும், அந்தப் பதற்றத்தில், அது முடிகிற காரியமில்லை. கட்டைப் பெடலுடன் "பார்த்து ஓட்டிக்கொள்ளலாம்" என்று நாளைத் தள்ளுவது ஆபத்து.

மலை மேல் ஏறினால் பிரேக் கொஞ்சம் கனமாகத் தோன்றுவதற்கும் இதே காரணம். உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. தள்ளுகிற ஆளே மெலிந்துபோகிறார். அது பழுது இல்லை.

வேக்குவம் எங்கிருந்து வருகிறது

சாதாரண பெட்ரோல் என்ஜினில் இது இலவசமாகக் கிடைக்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழே இறங்கிக் காற்றை இழுக்கும். வழி அடைபட்டிருப்பதால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் நல்ல வேக்குவம் உருவாகும். அங்கிருந்து ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் பூஸ்டருக்குப் போகிறது. பிரேக் போடும்போது எப்படியும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்போம் என்பதால், தேவையான நேரத்தில் வேக்குவமும் நன்றாக இருக்கும். அழகான ஏற்பாடு.

டீசல் என்ஜினில் காற்றை அப்படி மூடிக் கட்டுப்படுத்துவதில்லை. அதனால் அங்கே நம்பத்தக்க வேக்குவம் கிடையாது. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள். சில என்ஜின்களில் அது கேம் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும், சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வகையில் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜும் போகும், பிரேக் உதவியும் போகும். பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே பெடலும் கனத்தால் பெல்ட்டைப் பாருங்கள்.

டர்போ வைத்த பெட்ரோல் என்ஜின்களில் மேனிஃபோல்டில் பல நேரம் வேக்குவத்துக்குப் பதில் கூடுதல் அழுத்தம் இருக்கும். அதனால் பலவற்றில் துணைக்கு ஒரு பம்ப் உண்டு. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் வேக்குவம் பூஸ்டர் இருந்தால் மின்சாரத்தில் ஓடும் பம்ப் இருக்கும்.

எல்லா வகையிலும் பூஸ்டரின் வாயில், அல்லது ஹோஸின் நடுவில், ஓர் ஒருவழி வால்வு இருக்கிறது. பூஸ்டரிலிருந்து காற்று வெளியே போகலாம், உள்ளே திரும்ப முடியாது. என்ஜின் திடீரென்று நின்றாலும் பூஸ்டருக்குள் இரண்டு மூன்று மிதிக்குப் போதுமான வேக்குவம் சேமிப்பில் இருப்பதற்கு இந்த வால்வுதான் காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டையானால்

இதைச் சோதனைகளுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பெடல் ஆழமாக இறங்கிப் பிரேக் பிடிக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடித்து மிதிக்கச் சொல்வார்கள். அந்த இடத்தில் அது சரி. கட்டைப் பெடலுக்கு அது தலைகீழ். ஒவ்வொரு முறை காலை எடுத்து மிதிக்கும்போதும் சேமிப்பில் உள்ள வேக்குவம் செலவாகிறது. எனவே காலை எடுக்காமல், முதுகை இருக்கையில் அழுத்திக்கொண்டு, முழுப் பலத்தோடு ஒரே மிதியாக மிதித்துப் பிடிக்க வேண்டும். கியரைக் குறைத்து என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்தலாம். ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம். சாவியை அணைக்கவே கூடாது. இருக்கிற வேக்குவமும் போய், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்; சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

எரிபொருள் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான்: அந்த இரண்டு மூன்று மிதி சேமிப்பை மட்டும் நம்பி இறங்குகிறார்கள்.

கருவி இல்லாமல் மூன்று சோதனைகள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

என்ஜினை அணைத்த நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்து விடுங்கள். சேமிப்பு தீர்ந்து பெடல் கட்டையாகும். இப்போது ஓரளவு அழுத்தி மிதித்து, காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் பெடல் காலுக்குக் கீழே தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். முன் அறையிலிருந்து காற்று போனதும், பின்னால் காத்திருந்த வெளிக்காற்று டயஃப்ரத்தைத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். டீசல் வண்டியில் பம்ப் வேக்குவத்தைச் சேர்க்கச் சற்று நேரம் எடுக்கலாம். பெடல் அசையவே இல்லை என்றால், பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டரால் வேலை செய்ய முடியவில்லை. இரண்டில் எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இதோடு நிறுத்திக்கொண்டு பூஸ்டரை மாற்றுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது, சேமிப்பு நிற்கிறதா என்று பார்ப்பது. என்ஜினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சில நிமிடம் பொறுத்து பெடலை மெதுவாக, வழக்கமான விசையில் மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகப் போக வேண்டும். இரண்டாவது கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். மூன்றாவது இன்னும் மேலே. முதல் மிதியே கட்டையாக இருந்தால் வேக்குவம் எங்கோ கசிகிறது. ஒருவழி வால்வை முதலில் சந்தேகியுங்கள்.

கடைசியாக, என்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி என்ஜினை அணையுங்கள். 30 நொடி காலை அசைக்காமல் வையுங்கள். பெடலின் உயரம் மாறக் கூடாது. மெல்ல மேலே எழுந்து காலைத் தள்ளினால், மிதித்த நிலையில் பூஸ்டருக்குள் கசிவு இருக்கிறது. டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், உள் வால்வு சரியாக அமராமல் இருக்கலாம். பெடல் மேலே வராமல் கீழே இறங்கினால் அது வேறு கதை. மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. அணைத்த வண்டியில் உட்கார்ந்து பெடலைச் சும்மா நாலைந்து முறை மிதித்து விளையாடிவிட்டால் அது கட்டையாகிவிடும். அப்புறம் ஸ்டார்ட் செய்யும்போது பெடல் போதுமான அளவு இறங்காததால், பிரேக் மிதித்திருப்பதை வண்டி உணராமல் ஸ்டார்ட் ஆக மறுக்கலாம். பழுது இல்லை, பலமாக மிதித்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் இரவு முழுவதும் யாரும் தொடாத வண்டியில் தினமும் காலையில் இப்படி ஆகிறது என்றால், சேமிப்பு கசிகிறது.

தொடங்கும் இடத்திலிருந்து பூஸ்டர் வரை

சோதனையில் தோற்றுவிட்டது. இப்போது வேக்குவம் கிளம்பும் இடத்திலிருந்து பூஸ்டர் வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரே கேள்விதான்: அழுத்த வித்தியாசம் எந்த இடம் வரை வருகிறது, எங்கே தொலைகிறது?

இதற்கு வேக்குவத்தை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜ் இருந்தால் ஊகம் தேவையே இல்லை. பெரிய விலையில்லாத கருவி. பழைய கார் வைத்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் அதை இணைத்து, சூடான பெட்ரோல் என்ஜினை ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல்) ஓடவிட்டால், கடல் மட்டத்துக்கு அருகில் பொதுவாக 430 முதல் 560 மில்லிமீட்டர் பாதரசம் காட்டும். அங்குலத்தில் சொன்னால் 17 முதல் 22. உயரமான ஊரில் இது குறையும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். டீசல் பம்ப் இதைவிட அதிகம் தரும், 600 மில்லிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பூஸ்டர் பக்கத்தில் ஹோஸைக் கழற்றி, என்ஜின் ஓடும்போது முனையை விரலால் அடைத்துப் பாருங்கள். விரலை நன்றாகப் பிடித்து உறிஞ்ச வேண்டும். வால்வு ஹோஸின் நடுவில் இருந்தால் அதையும் தாண்டி வந்த இழுவைதான் இது. இங்கே இழுவை பலமாக இருந்தும் பெடல் கட்டை என்றால், சந்தேகம் பூஸ்டர் பக்கம் நகர்கிறது; வால்வு பூஸ்டரின் வாயில் இருந்தால் அதையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். இழுவை சோர்ந்திருந்தால் என்ஜின் பக்கம் திரும்பிப் போக வேண்டும்.

ஹோஸை மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடக் கூடாது. வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்புகள் தெரியும். கிளாம்புக்கு அடியிலும், என்ஜின் சூடு படும் இடத்திலும் அதிகம் வரும். எண்ணெய் ஊறி மெத்தென்று ஆன ஹோஸ், வெளியே முழுசாக இருந்தாலும் இழுவையில் உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை மூடிவிடும். கைக்குக் கிடைத்த பெட்ரோல் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ இந்த இடத்தில் மாட்டியிருந்தாலும் இதே கதிதான். அவை உள்ளிருந்து வெளியே வரும் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தத்துக்கு இல்லை. வேக்குவத்துக்கென்று உள்ள தடித்த ஹோஸ்தான் வேண்டும்.

வழி பாதி அடைபட்டிருப்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. முதல் மிதி நன்றாக இருக்கும். அடுத்தடுத்து வேகமாக மிதித்தால் இரண்டாவதோ மூன்றாவதோ கட்டையாகும். சில நொடி விட்டு மிதித்தால் மறுபடி சரியாக இருக்கும். வேக்குவம் வருகிறது, ஆனால் செலவுக்கு ஈடாக வரவில்லை. நெரிசலில் பெடல் கனக்கிறது, காலி ரோட்டில் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒருவழி வால்வைச் சோதிப்பது எளிது. என்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஒரு நிமிடம் கழித்து வால்வைப் பூஸ்டரிலிருந்து மெல்லப் பிடுங்குங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் உள்ளே சேமிப்பு இல்லை. பிடுங்கிய வால்வின் பூஸ்டர் பக்கத்து முனையில் ஊதினால் காற்று போக வேண்டும். என்ஜின் பக்கத்து முனையில் ஊதினால் போகக் கூடாது. வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் பெடல் எப்போதும் கட்டை. திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ஜின் ஓடும்வரை ஓரளவு சரியாக இருந்து, அணைத்ததும் சேமிப்பு போய்விடும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துவிட்டு உடனே பிரேக் போட்டாலும் பெடல் கனக்கும். வால்வு உட்காரும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பழைய வண்டியில் அது காய்ந்து வெடித்திருக்கும், வால்வை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.

பூஸ்டரே பழுதானால் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லும். பெடலை மிதிக்கும் கணத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் லேசாக ஒரு காற்றுச் சத்தம் வருவது இயல்பு. பின் அறைக்குள் வெளிக்காற்று நுழையும் சத்தம் அது. மிதித்துப் பிடித்திருக்கும்போதும் விடாமல் சீறிக்கொண்டே இருந்தால் உள்ளே கசிவு. கூடவே என்ஜினைக் கவனியுங்கள். பெடலை மிதித்ததும் ஐடில் தடுமாறினாலோ என்ஜின் நின்றுபோனாலோ, பூஸ்டர் வழியாகக் கணக்கில்லாத காற்று என்ஜினுக்குள் போகிறது. உறுதி செய்ய, ஹோஸைக் கழற்றி என்ஜின் பக்கத்து வாயை ஒரு மூடியால் அடைத்துவிட்டுப் பாருங்கள். ஐடில் சீரானால் கசிவு அந்த ஹோஸிலோ பூஸ்டரிலோதான். இந்த நிலையில் வண்டியை நகர்த்தக் கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

கிளை ஹோஸ்கள் கவனத்துக்கு வராமல் தப்பித்துக்கொள்ளும். பல டீசல் வண்டிகளில் டர்போவைக் கட்டுப்படுத்தும் அமைப்பும், புகையை மறுசுழற்சி செய்யும் வால்வும் அதே பம்பிலிருந்துதான் வேக்குவம் எடுக்கின்றன. பென்சில் தடிமனுக்கும் குறைவான ஒரு கிளை ஹோஸ் வெடித்தால் பிரேக்குக்கு வர வேண்டியதும் குறையும். பெடல் கனத்து, வண்டியின் இழுவையும் குறைந்திருந்தால் இரண்டையும் தனித்தனிப் பழுதாக எண்ணாமல் இந்தச் சின்ன ஹோஸ்களைத் தேடுங்கள்.

என்ஜினே வேக்குவம் தரவில்லை என்றால்

கேஜ் குறைவாகக் காட்டி, முள் ஆடாமல் நிலையாக நின்றால், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம், இன்டேக் பக்கம் எங்காவது காற்று கசியலாம். முள் சீராகத் துடித்தால் என்ஜினுக்குள் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. என்ஜினை 2500 சுற்றில் பிடித்திருக்கும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் சைலன்சரோ, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டரோ அடைத்திருக்கலாம். இதெல்லாம் பிரேக் வேலையே இல்லை, என்ஜின் வேலை. பிரேக் பெடல் இங்கே செய்தி கொண்டுவந்தது மட்டும்தான்.

இன்டேக் கசிவைத் தேட எரியக்கூடிய ஸ்பிரேயை ஓடும் சூடான என்ஜின் மீது அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தீப்பிடிக்க வாய்ப்புள்ள வேலை. புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போவது மேல்.

சில பெட்ரோல் வண்டிகளில் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் மட்டும் பெடல் கனமாக இருக்கும். கன்வெர்டரைச் சீக்கிரம் சூடாக்க என்ஜின் அந்த நேரத்தில் டைமிங்கைப் பின்தள்ளி, த்ராட்டிலைக் கூடுதலாகத் திறந்து ஓடுகிறது; மேனிஃபோல்டில் வேக்குவம் குறைகிறது. துணைப் பம்ப் உள்ள வண்டியில் இது நடந்தால் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்சாரப் பம்பாக இருந்தால் ஃபியூஸும் ரிலேயும் முதலில். மிதித்த பிறகு சில நொடி ஓடி நிற்பது இயல்பு. நிற்காமல் ஓடினால் கசிவு இருக்கிறது, பம்ப் சீக்கிரம் எரிந்துபோகும்.

ஒழுகல் தெரியாமல் ஆயில் குறைந்தால்

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருகிறது, நான்கு சக்கரத்திலும் ஈரம் இல்லை, தரையிலும் சொட்டு இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கச் சீல் தேய்ந்து ஆயில் பூஸ்டருக்குள் போகிறதா என்று பாருங்கள். பூஸ்டரின் உறிஞ்சல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், என்ஜின் அதைக் குடித்து வெள்ளைப் புகையாக விடுவதும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் கழற்றி, குழாய்களைக் கழற்றாமல் வளையாத அளவுக்குச் சற்று முன்னே நகர்த்தினால் இடைவெளியில் ஈரம் தெரியும். பிரேக் ஆயிலில் ஊறிய பூஸ்டர் அதிக நாள் தாங்காது. அந்த நிலையில் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றினால் பூஸ்டர் பின்னால் வந்து பழிவாங்கும். பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் நனையும். சேர்த்துப் பார்த்துவிடுவதே நல்லது.

மூன்று சோதனையும் சரி, ஆனாலும் பெடல் கட்டை

அப்படியென்றால் காற்று தன் வேலையைச் செய்கிறது. தடை அதற்குப் பிறகு இருக்கிறது. புதிதாகப் போட்ட பிரேக் பேட் கடினமான ரகமாக இருந்தாலோ, சூட்டில் அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் வழுவழுப்பாகிவிட்டாலோ, பிரேக் பிடிப்பதற்கு நாம் அதிகம் மிதிக்கிறோம், அதை "பெடல் ஹார்ட்" என்று உணர்கிறோம். பேட் மாற்றிய நாளிலிருந்துதான் இந்தப் புகார் என்றால் பூஸ்டரை விட்டுவிடுங்கள்.

சக்கரத்தில் பேட்டை அழுத்தும் காலிபர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் அதிகம் சூடாகும், அல்லது பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைபட்டாலும் ஏறக்குறைய இதே அறிகுறி. பிரித்தறிய ஒரு வழி உண்டு. வண்டியை ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து விட்டபின் சக்கரம் சுழல மறுத்தால், காலிபரில் உள்ள காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது, ஹோஸைப் பாருங்கள். அப்போதும் விடாவிட்டால் காலிபர். பெடலின் அச்சே துருப்பிடித்து இறுகுவது அபூர்வம், ஆனால் கையால் பெடலை ஆட்டிப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும்.

கிளம்பும்போது சரியாக இருந்து, ஓட ஓட பெடல் உயர்ந்து கட்டையாகி, நான்கு சக்கரமும் சூடாகி, ஆறிய பிறகு மறுபடி சரியாகும் வண்டி ஒன்று உண்டு. பூஸ்டரையோ மாஸ்டர் சிலிண்டரையோ சமீபத்தில் மாற்றிய வண்டிகளில் இது வரும். பூஸ்டரின் முன்கம்பி ஒரு மில்லிமீட்டர் நீளமாக அமைந்தாலும், காலை எடுத்த பிறகும் அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கும். ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துவாரம் மூடியிருப்பதால், சூட்டில் விரியும் ஆயில் போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும். சக்கரங்கள் பிடித்திருக்கும் நேரத்தில், வண்டி உருளாமல் கட்டை வைத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரின் நட்டை இரண்டு சுற்று தளர்த்துங்கள். பிடி விட்டுவிட்டால் கம்பியின் இடைவெளியைத் திருத்த வேண்டும், அதற்கான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நட்டைத் தளர்த்தியும் விடாவிட்டால் டப்பாவில் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறது என்று பாருங்கள். தவறி என்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ கலந்திருந்தால் ரப்பர் சீல்கள் வீங்கி அதே துவாரத்தை மூடியிருக்கும். அந்த வண்டியில் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆயில் தொட்ட ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.